ஊர் வரலாற்றுப் பக்கம்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயிலாடுதுறை, நாகப்பட்டினம், காரைக்கால் சுற்றுவட்டாரத்துக்காக வரும் எங்கள் பத்திரிகையில் வாரத்துக்கு ஒரு பக்கம் ஊர் வரலாற்றுக்கும், சின்ன ஊர்களைத் தேடி வரும் பயணிகளுக்குமாக ஒதுக்கப்படுகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், கடிதத்திலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குறுவை, மேட்டூர்த் தண்ணீர், பேருந்து வசதி என்று எழுத ஆயிரம் இருக்கும்போது பழங்கதைக்கு ஒரு பக்கம் தேவையா?

தேவை. ஆற்றில் தண்ணீர் வந்ததா என்பதைச் சென்னையிலிருந்து வரும் பத்திரிகையும் எழுதிவிடும். உங்கள் தெருமுனைச் சத்திரத்தைக் கட்டியது யார், அது எப்போது பூட்டப்பட்டது, இப்போது ஏன் இடிக்கப் போகிறார்கள் என்பதை நாங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை. இடிப்பதற்கு முந்தைய வாரம் செய்தி வந்தால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். இடித்த பிறகு வந்தால் அது வெறும் இரங்கல் குறிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு ஊரைப் பார்க்க வெளியாள் வர வேண்டுமானால், முதலில் அந்த ஊர்க்காரருக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வழி கேட்டால் "அங்க ஒண்ணும் இல்லைங்க, பாழடைஞ்ச கட்டடம்தான்" என்று பதில் வருகிற ஊருக்கு எந்த விளம்பரம் செய்தும் பயனில்லை. அதனால் இந்தப் பக்கத்தை முதலில் உள்ளூர்க்காரர்களுக்காக எழுதுகிறோம். பயணி அதற்கு அப்புறம்தான்.

பத்திரிகைக்காரர்களுக்கும் வரலாற்று ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்ப் பத்திரிகை உலகில் இந்தச் சம்பந்தம் பழையது. புகளூர்க் கல்வெட்டைப் படித்துச் சேர மன்னர்களின் பெயர்களைச் சங்க இலக்கியத்தோடு பொருத்திக் காட்டிய ஐராவதம் மகாதேவன், 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராக இருந்தார். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியர் நாணயத்தை அடையாளம் கண்டு எழுதிய இரா. கிருஷ்ணமூர்த்தி தினமலரின் ஆசிரியராக இருந்தவர். சென்னையில் பத்திரிகையாளர் எஸ். முத்தையா 1991-இல் மெட்ராஸ் மியூசிங்ஸ் இதழைத் தொடங்கினார். அவரும் நண்பர்களும் 2004-இல் ஆரம்பித்த சென்னை தினத்தை இன்று நகரமே கொண்டாடுகிறது.

அவர்களெல்லாம் பெரிய அறிஞர்கள். நாங்கள் அவர்கள் அளவுக்குக் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் அல்ல. ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி எங்களுக்கு இருக்கிறது. எங்கள் செய்தியாளர் ஒவ்வொரு ஊருக்கும் போகிறார். டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிறார். கிராமத்துக்குப் புதிதாகப் போடும் சாலைக்காக எந்தக் கல்லைப் பெயர்த்தார்கள் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

தரங்கம்பாடியைப் பற்றியே இத்தனை வாரம் எழுதுவது ஏன்?

சின்ன ஊர், பெரிய வரலாறு என்று சொல்வதற்கு நம் வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை என்பதால்தான்.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இங்கே கடலோரத்தில் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. 1620-இல் டென்மார்க்கிலிருந்து தளபதி ஓவே ஜெடே வந்து இறங்கினார். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் ஆயிற்று. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்னமும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் பேரில் எழுந்ததுதான் நாம் டேனிஷ் கோட்டை என்று சொல்லும் டான்ஸ்போர்க்.

1706 ஜூலையில் ஜெர்மன் கிறிஸ்தவ சமயப் போதகர்களான சீகன்பால்கும் புளூட்சாவும் கரையேறினார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அப்போதிருந்த டேனிஷ் ஆளுநரோடு முரண்பட்டு அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். அதன் பிறகு அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. தமிழில் புதிய ஏற்பாடு 1714–15-இல் இங்கே அச்சாயிற்று. காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து இவர்கள் எழுதி அனுப்பிய கடிதங்களையும் அறிக்கைகளையும் ஹாலேயில் 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டு வெளியிட்டார்கள். நம் கடற்கரையின் செய்தியை ஜெர்மன் வாசகர்கள் 300 ஆண்டுக்கு முன்பே ஒரு தொடர் வெளியீட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது, பத்திரிகை நடத்தும் எங்களுக்குத் தனிச் சந்தோஷம்.

1845-இல் டென்மார்க் ஊரை ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டது. அதன் பிறகு 1860 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைநகரே தரங்கம்பாடிதான் என்று சொன்னால் இப்போது பலர் நம்புவதில்லை. தலைநகரம் தஞ்சாவூருக்குப் போயிற்று. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுக வியாபாரமும் அங்கே போயிற்று. ஊர் அப்படியே உறைந்து நின்றது. வளர்ச்சி தவறியதால்தான் பழைய தெருவும் வீடுகளும் இடிபடாமல் பிழைத்தன. இன்று அவற்றை வைத்துத்தான் ஊர் பிழைக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது என்று ஏன் போடவில்லை? மற்ற எல்லோரும் போடுகிறார்களே?

உண்மை இல்லை என்பதால். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. தரங்கம்பாடிக்குப் 130 ஆண்டுக்கு மேல் முந்தியது. ஆனால் அந்தப் பழைய அச்சு முயற்சிகள் தொடரவில்லை. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம், எழுத்து வார்ப்பு, காகிதம் என்று எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, விடாமல் நடந்தது. அதுவே போதுமான பெருமை. இல்லாத 'முதல்' பட்டத்தைச் சேர்த்தால், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து அதை மறுக்கும்போது உண்மையான பெருமையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

ஓசோன் நிறைந்த கடற்கரை என்கிறார்களே, அதையாவது எழுதக்கூடாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. எழுத மாட்டோம். கடற்கரையில் நாம் முகரும் வாசனை ஓசோன் வாசனை அல்ல. கடல் நுண்ணுயிரிகளால் உண்டாகும் டைமீத்தைல் சல்ஃபைடு போன்ற வாயுக்கள்தான் அதற்குக் காரணம். வானத்தின் உயரத்தில் ஓசோன் நம்மைக் காப்பது சரி. தரைமட்டத்தில் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல். ஆஸ்துமா உள்ள தாத்தாவை ஓசோன் வைத்தியம் என்று அழைத்து வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது, இந்த ஒரு வரியைப் பரப்பியதில் பத்திரிகைகளுக்கும் பங்கு இருக்கிறது என்று வருத்தமாக இருக்கிறது. தரங்கம்பாடிக் காற்று அருமையான காற்று. அதை அனுபவிக்க வேதியியல் துணை வேண்டாம்.

எங்கள் ஊர்க் கோயில் 2,000 ஆண்டு பழமையானது. அனுப்பிய கட்டுரையில் அந்த வரியை ஏன் வெட்டினீர்கள்?

தலபுராணம் சொல்வதைத் தலபுராணம் சொல்வதாகவே போடுவோம். அதை வெட்ட மாட்டோம். வயதாகச் சொல்ல வேண்டுமானால் கல்வெட்டோ, கட்டட அமைப்போ, ஆவணமோ வேண்டும். பெரும்பாலான டெல்டா கோயில்களில் கல்வெட்டு இருக்கிறது. தொல்லியல் துறை 1880-களிலிருந்தே ஆண்டுதோறும் படியெடுத்து அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து அந்த அறிக்கைகளில் தேடினால் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, என்ன தானம் என்பது வரை கிடைக்கும். விளக்கு எரிக்க எத்தனை ஆடு கொடுத்தார்கள், குளத்தை யார் தூர்வார வேண்டும் என்றெல்லாம் அதில் வரும். "இரண்டாயிரம் ஆண்டு" என்ற வெற்று எண்ணைவிட இது எவ்வளவு சுவையானது!

சுண்ணாம்பும் வண்ணமும் பூசிக் கல்வெட்டை மறைத்த கோயில் என்றால், முதலில் அதைச் செய்தியாக எழுதி அனுப்புங்கள். அதையும் போடுவோம்.

எங்கள் ஊரில் கோட்டையும் இல்லை, பெரிய கோயிலும் இல்லை. எழுத என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மூன்று நான்கு சொல்கிறேன்.

சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மறுபடி தானே ஏற்றிக்கொள்ளும் உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் வைப்பது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக வழிப்போக்கரின் சுமையை இறக்க ஓர் இடம். சில கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். சாலை அகலப்படுத்தும்போது முதலில் போவது இந்தக் கல்தான். உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் இன்றே படமெடுத்து, எழுத்தைப் படித்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அனுப்புங்கள்.

அடுத்து சத்திரங்கள். தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகும் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி காலத்து முத்தாம்பாள் சத்திரம் நன்றாகத் தெரிந்தது. தெரியாதவை எத்தனையோ ஊரில் நெல் மூட்டை அடுக்கும் இடமாக இருக்கின்றன.

ரயிலும் வரலாறுதான். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் ரயில் வந்தது, 1986-இல் நின்றுபோனது. அந்த வழியில் இருந்த ஊர்களில் நிலையக் கட்டடம், பாலம், தண்டவாள மேடு என்று மிச்சம் இருப்பதைப் பற்றி எழுதினால், அந்த ரயிலில் பள்ளிக்கூடம் போனவர்கள் கடிதம் கடிதமாக எழுதுவார்கள். அவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயதுக்கு மேல். தாமதிக்கக் கூடாது.

அப்புறம் ஆட்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளைதான் தமிழின் முதல் நாவலை எழுதியவர். இப்படி ஒருவர் வாழ்ந்த வீடு, படித்த பள்ளி, நடந்த தெரு என்று எந்த ஊரிலும் ஏதாவது இருக்கும்.

ஊர் வரலாறு எழுதினால் யாருடைய வரலாறு என்று சண்டை வராதா?

வரும். வந்தாலும் எழுதத்தான் வேண்டும். தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அழகான கட்டடம். அதற்குள்ளே அந்தக் காலத்தில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள் என்பதும் வரலாறு. அழகை எழுதிவிட்டு இதை விட்டால் பாதி மனிதர்களை விட்டதாகிவிடும். கோட்டையைப் பற்றி எழுதும்போது கல் சுமந்தவர்களையும், கப்பலுக்குப் படகு தள்ளியவர்களையும் தேட வேண்டியிருக்கிறது. ஆவணத்தில் அவர்கள் பெயர் குறைவாகவே வருகிறது. மீனவர் தெருவில் கேட்டால் சில கிடைக்கின்றன.

ஒரு சமூகத்தை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தும் கட்டுரையை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது நாணயமோ சிலையோ கிடைத்தால் உங்களுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அதற்கு முன் வட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ தெரிவித்துவிடுங்கள். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. மறைத்தால் அந்த உரிமை போய்விடும். பொருளைக் கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், கிடந்த இடத்தைக் கலைக்காதீர்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு முக்கியம்.

கோயில் ஐம்பொன் சிலைகளின் படத்தைப் பெரிதாகப் போடுவீர்களா?

காவல் இல்லாத கோயில் என்றால் போட மாட்டோம். ஆளில்லாத இடத்தில் இருக்கும் சிலையின் படமும் வழியும் ஒன்றாக அச்சில் வருவது திருடனுக்குத்தான் உதவும். அதே சமயம், படம் எடுத்து வைப்பது மிக மிக அவசியம். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடு போன நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய்விட்டார். 2014-இல் அவர் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் பெரிய சாட்சி. எந்தச் சிறு கோயிலானாலும் ஒவ்வொரு சிலைக்கும் முன்பக்கம், பின்பக்கம், பீடம் மூன்றையும் படமெடுத்து நிர்வாகத்திடமும் அறநிலையத் துறையிடமும் கொடுத்து வையுங்கள்.

தரங்கம்பாடிக்கு ஒரு நாள் வந்தால் எப்படிப் பார்ப்பது?

காலையில் சீக்கிரம் வாருங்கள். பத்து மணிக்கு மேல் கடற்கரை வெயில் தாங்காது. மயிலாடுதுறை ரயில் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. பொறையாறில் இறங்கினாலும் பக்கம்தான்.

1792-இல் கட்டிய நகர வாயிலில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போங்கள். உள்ளே கிங் தெருவில் இரு ஆலயங்களும் வரும். 1701-இல் அமைந்த சீயோன் ஆலயம் ஐரோப்பியருக்காக. சீகன்பால்கு அடக்கமான புதிய எருசலேம் ஆலயம் தமிழருக்காக. சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அப்புறம் கோட்டை. 1978 வரை பயணியர் விடுதியாக இருந்து, பிறகு மாநிலத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் டேனிஷ் காலத்து நாணயங்களை நின்று பாருங்கள். வார விடுமுறை நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கடைசியாக மாசிலாமணிநாதர் கோயில். 2004 சுனாமியில் அடிவாங்கிய ஊர் இது. அதற்குப் பிறகு கோல்ட்ஸ்மித் தெருவில் பழைய வீடுகளை அவற்றின் பழைய முறையிலேயே சீர்செய்திருக்கிறார்கள். திண்ணை, மரத்தூண், ஓடு. பெரிய கட்டடங்களைவிட இந்தத் தெருவில்தான் நான் விருந்தினரை அதிக நேரம் நிறுத்தி வைப்பேன்.

மாலையில் நேரம் இருந்தால் சுமார் எட்டு கிலோமீட்டரில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே வருகிறவர்களில் பத்தில் ஒருவர் தரங்கம்பாடிக்கும் வந்தால்கூட இந்த ஊரின் நிலை மாறும்.

பயணிகள் வருவதால் ஊருக்கு என்ன லாபம்? குப்பைதானே மிச்சம்?

குப்பை உண்மையான கவலை. வருகிறவர்களில் பலர் கோட்டை முன்னால் படமெடுத்துக்கொண்டு, வண்டியை விட்டுக் கடலைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குக் காரைக்காலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படியிருந்தால் ஊருக்குக் கிடைப்பது தண்ணீர் பாட்டில்தான். ஊரில் ஒரு வேளை சாப்பிட வேண்டும், உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் கூட நடந்து கதை சொல்ல வேண்டும், அவருக்குக் கூலி கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் ஒவ்வொரு ஊர்க் கட்டுரையோடும் எங்கே சாப்பிடலாம், கழிப்பறை எங்கே, கடைசிப் பேருந்து எப்போது என்று ஒரு பெட்டிச் செய்தி போடுகிறோம். பெண்களுக்கான கழிப்பறை இல்லையென்றால் "இல்லை" என்றே போடுவோம். அப்படி அச்சில் வருவதுதான் பேரூராட்சியை அசைக்கிறது.

அரசுப் பள்ளிகளில் இருக்கும் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்களை இதில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. தன் ஊர்க் கல்வெட்டைப் படித்துக் காட்டும் பத்தாம் வகுப்புப் பெண்ணைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

விடுதிக்காரர் விளம்பரம் கொடுத்தால் அவர் கட்டடத்தைப் பற்றிக் கட்டுரை வருமா?

வராது. விளம்பரத்துக்கு விளம்பரம் என்று மேலே போட்டு வரும். கட்டடம் உண்மையிலேயே பழமையானது என்றால் விளம்பரம் இல்லாமலே எழுதுவோம்.

நானும் எழுதி அனுப்பலாமா? பழைய படங்களும் ஓலைச்சுவடியும் இருக்கின்றன.

தாராளமாக. கட்டுரை 400 சொல்லுக்குள் இருக்கட்டும். யார் சொன்னார்கள், எங்கே படித்தீர்கள் என்று ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். அச்சில் வராவிட்டாலும் எங்களுக்குச் சரிபார்க்க வேண்டும். பழைய புகைப்படத்தின் மூலப்படத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்து, பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் எடுத்து அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை வலமிருந்தா இடமிருந்தா என்று தெளிவாக எழுதுங்கள்.

ஓலைச்சுவடியை யாரிடமும் இரவல் கொடுக்காதீர்கள், எங்களிடமும் வேண்டாம். எண்ணெய் தடவிச் சுத்தம் செய்யவும் முயல வேண்டாம். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகமோ தமிழ்ப் பல்கலைக்கழகமோ நேரில் போய்க் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடிகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படுபவை என்பதால், விலை பேசி வரும் வெளியாட்களிடம் பேச்சே கொடுக்காமல் இருப்பது நல்லது.